ஆயா வைத்துவிட்டுப் போன கணக்கு

எங்கள் ஆயாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, காகிதங்களில் மூன்று பெயர்கள் இருந்தன. வயதும் மூன்று இருந்தது. அவள் உயிரோடு இருந்த வரை அது யாருக்கும் பொருட்டாகத் தெரியவில்லை. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் முழுக்க அவளைக் கூப்பிட்ட பெயர் எந்த அரசாங்கக் காகிதத்திலும் இல்லை. ஆதாரில் ஒன்று, கிரயப் பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் இன்னொன்று. அவள் போன பிறகு வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், வங்கி, தபால் அலுவலகம் என்று ஓராண்டுக்கும் மேலாக நான் ஒருத்தியாக அலைந்தேன். ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் விடுப்பெல்லாம் தீர்ந்து, சம்பளப் பிடித்தத்தில்தான் பாதி வேலை நடந்தது. அண்ணன் துபாயில், சித்தப்பா லாரியில், அத்தை திருப்பத்தூரில். பதினாறாம் நாள் பந்தியில் உட்கார நேரம் இருந்த உறவுகளுக்குக் கையெழுத்துப் போட நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்காவது தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன். நடுநடுவே ஆயாவைப் பற்றியும் வரும். எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அவள்தான் முன்னால் வந்து நின்றாள், நான் என்ன செய்வது?

ஆயா பிறந்தது பெரியமுத்தூர் பக்கம். தென்பெண்ணையின் குறுக்கே 1950-களில் கிருஷ்ணகிரி அணை எழும்பியபோது அவளுடைய அப்பா அங்கே கல் சுமந்தார். கூழ்ச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்து வந்தது அவள். தன் வயதை அணையை வைத்துத்தான் சொல்வாள்: “அணை திறந்த வருடம் நான் வயதுக்கு வந்தேன், நீயே கணக்குப் போட்டுக்கொள்.” அணை திறந்தது 1957-இல். ஆதாரிலோ பிறந்த நாள் ஜனவரி 1 என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் பாதிப் பேருக்கு இருப்பதுபோலவே இருந்தது. அதில் இருந்த வருடப்படி அவள் கணக்கைவிட ஐந்தாறு வயது குறைவு. வாக்காளர் அட்டை இரண்டுக்கும் நடுவில். 2017 நவம்பரில் அணையின் முதல் மதகு உடைந்து தண்ணீர் பாய்ந்தபோது எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் பதறிக்கொண்டிருக்க, அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “எங்கள் அப்பன் சுமந்த கல் நிற்கிறது பார், இரும்புதான் போய்விட்டது” என்றாள். அவ்வளவு கர்வம். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். பெண்கள் அதில் கை வைக்க மாட்டார்கள். ஆயா தானே துண்டுக்குள் கையை விடுவாள். ஊரில் பாரதக் கூத்து நடந்தால் விடிய விடிய உட்கார்ந்திருந்து துச்சாதனன் வேடக்காரரை அப்படித் திட்டுவாள். மறுநாள் அதே ஆளைக் கூப்பிட்டுக் களியும் கோழிக் குழம்பும் போடுவாள்.

2023 டிசம்பரில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. அத்தை மகன் காரில் ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அவசரத்தில் பெயர் கேட்டபோது ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறான். அந்தப் பதற்றத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டு நாள் கழித்து அவள் போய்விட்டாள். மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்த பெயர் அப்படியே இறப்புப் பதிவுக்குப் போய், சான்றிதழிலும் அச்சாகி வந்தது. இறந்தது யார் என்று கேட்டால் அந்தக் காகிதத்தின்படி எங்கள் ஆயா இல்லை. இதைத் திருத்த, அவளை நன்கு அறிந்த இருவரின் உறுதிமொழி, ஆதார் நகல், மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் என்று கேட்டார்கள். அந்தக் கடிதத்துக்கே பல வாரம் ஆயிற்று. எங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் நின்றபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. இறப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்தில்தான் பதிவாகும், இறந்தவர் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில்லை. ஆயா வீட்டிலேயே போயிருந்தால் கிராம நிர்வாக அலுவலரே பதிவு செய்திருப்பார். ஓசூரில் போனதால் மாநகராட்சி. ஆகவே மருத்துவமனையில் சேர்க்கும்போதே ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். இறந்துவிட்டால் உடலை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன்பு, அவர்கள் அனுப்பப்போகும் படிவத்தில் பெயர், கணவர் பெயர், முகவரி மூன்றையும் யாராவது அழாத ஒருவர் படித்துப் பார்க்கட்டும். 21 நாளுக்குள் பதிவானால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு அபராதம், ஒரு மாதம் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் ஆணை என்று ஏறிக்கொண்டே போகும்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கைமாற்று, பால் கணக்கு, சீட்டு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எல்லாம் அவளிடம் சுத்தமாக இருக்கும். நெல் குதிர் இருந்த அறையில் கதவுக்குப் பின்னால் சுவரில் கரிக்கோடுகள் இழுத்து வைத்திருந்தாள். ஒரு கோடு என்றால் நூறு, வட்டம் என்றால் ஆயிரம், கொம்பு வைத்த வட்டம் வட்டிக்குக் கொடுத்தது. சின்ன வயதில் அவளே எனக்கு விளக்கியிருக்கிறாள். எந்த வரிசை யாருடையது என்பது மட்டும் அவளுக்குத்தான் தெரியும். காரியத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம் அல்லவா, நான் இறப்புச் சான்றிதழுக்காக ஓசூரில் நின்ற நாளில் சித்தப்பா ஆள் வைத்து அந்த அறையையும் சேர்த்து அடித்து முடித்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தேன், சுவர் பளிச்சென்று இருந்தது. அவள் இறந்த அன்று வராத அழுகை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. அதன் பிறகு கொடுக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராக மறந்து போனார்கள், வாங்க வேண்டியவர்கள் மட்டும் நினைவோடு வந்தார்கள். ஒரே ஒரு பெண், மகளின் தேர்வுக் கட்டணத்துக்கு ஆயா கொடுத்த மூவாயிரம் என்று சந்தையில் என்னைத் தேடி வந்து கொடுத்தாள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு கிழவி போய்விட்டால், துடைப்பத்தை எடுக்கும் முன்பு கைப்பேசியை எடுங்கள். பெட்டி, அரிசிப் பானை, சாமி படத்தின் பின்பக்கம், தலையணை உறை, சுவர் எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்யலாம். ஆயாவின் தபால் அலுவலகக் கிசான் விகாஸ் பத்திரம் மாரியம்மன் படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. முதிர்வுத் தேதி தாண்டிப் பல வருடங்களாயின. அந்த வருடங்களுக்குப் பெரிதாக எதுவும் வளரவில்லை.

மாந்தோப்பு வேறு ஒரு தலைவலி. 1981-இல் ஆட்டையும் பாலையும் விற்ற காசில் ஆயா தன் பெயரில் வாங்கிய மேட்டு நிலம் அது. சந்தூரிலிருந்து கன்று கொண்டுவந்து வைத்தாள். பெரும்பாலும் கிளிமூக்கு மாங்காய்தான். எங்கள் மாவட்டத்தில் அது கூழ் ஆலைகளுக்குப் போகிற ரகம், ஆலை விலை விழுந்தால் விவசாயியும் விழ வேண்டியதுதான். அதனால் ஆயா பூ எடுக்கும்போதே வியாபாரிக்குக் குத்தகை பேசி முன்பணம் வாங்கிவிடுவாள். இரண்டு பருவத்துக்குச் சேர்த்து அறுபதாயிரம் கொடுத்திருப்பதாக வியாபாரி வந்து நின்றார். துண்டுச் சீட்டுகூட இல்லை. சித்தப்பா அவரை ஏமாற்றுக்காரர் என்றார். அத்தை, “அம்மா வாங்கியிருப்பாள், அவள் வாங்கியிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்” என்று ஒரே பிடியாக நின்றார். கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி, ஒரு பருவக் காயை அவரே பறித்துக்கொள்வது, மீதியை விட்டுவிடுவது என்று முடித்தோம். உண்மையில் எவ்வளவு வாங்கினாள் என்று இன்றுவரை தெரியாது. குத்தகை பேசினால் ஒரு வெள்ளைத் தாளாவது வேண்டும். எத்தனை பருவம், எவ்வளவு முன்பணம், மருந்தடிப்பு யார் செலவு, காற்றில் காய் உதிர்ந்தால் யார் பொறுப்பு, குத்தகைக்குக் கொடுத்தவர் நடுவில் இறந்தால் என்ன ஆகும் என்று எழுதி, கைநாட்டும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும். கிழவி கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும்.

வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு வெளியே ஓர் இடைத்தரகரிடம் சித்தப்பா ஏழாயிரம் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் வரும் என்றவர் பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை. இ-சேவை மையத்தில் நானே விண்ணப்பித்தேன், கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியர் வழங்குவார். எங்களுக்குத் தாமதமானதற்குக் காரணம் அப்பா. அவர் 2009-இலேயே இறந்துவிட்டார், அவருடைய இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தனியாக வேண்டும் என்றார்கள். இறப்புச் சான்று இருந்தது, வாரிசுச் சான்று அப்போது யாருக்கும் தேவைப்படாததால் வாங்கவே இல்லை. முதலில் அதை வாங்கி, பிறகு இதற்கு வந்தேன். வீட்டில் யார் இறந்தாலும், சொத்து இருக்கிறதோ இல்லையோ, அந்த வருடமே வாரிசுச் சான்றை வாங்கிவிடுங்கள். பிறகு சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது.

இதில் எனக்கு மிகவும் வலித்தது அம்மாவின் விஷயம். அப்பா போன பிறகும் அம்மா மாமியாரை விட்டு நகரவில்லை. குளிப்பாட்டியது, களி கிண்டிக் கொடுத்தது, இரவில் எழுந்து கால் பிடித்துவிட்டது எல்லாம் அம்மாதான். “தோப்பில் பாதி மரம் உன் கை வைத்தது, பாதி உனக்குத்தான்” என்று ஆயா பலர் முன்னால் சொல்லியிருக்கிறாள். சான்று வந்தபோது அதில் சித்தப்பா, அத்தை, அண்ணன், நான். அம்மாவின் பெயர் இல்லை. தவறுதலாக விட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கே போனேன். பிறகுதான் ஒரு வழக்கறிஞர் விளக்கினார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருக்கு முன்பே இறந்த மகனின் மனைவியும் முதல் வகுப்பு வாரிசு. ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் 15-ஆம் பிரிவு வருகிறது: மகன்கள், மகள்கள், முன்பே இறந்த பிள்ளைகளின் பிள்ளைகள், கணவர். விதவை மருமகளுக்கு அங்கே இடமில்லை. தாத்தாவின் சொத்தாக இருந்திருந்தால் அம்மாவுக்குப் பங்கு உண்டு, ஆயா சொந்தமாகச் சம்பாதித்ததால் இல்லை! ஆயாவுக்கு இது தெரிந்திருந்தால் சட்டம் எழுதியவரைத் துச்சாதனனைத் திட்டியதைப்போலத் திட்டியிருப்பாள், அன்றைக்கே உயிலும் எழுதியிருப்பாள். உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. கைநாட்டு வைத்தாலும் செல்லும், இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுத்தறியாதவர் என்றால் படித்துக் காட்டப்பட்டது என்றும் எழுதிவைப்பது நல்லது. பதிவும் செய்துவிட்டால் பின்னால் வாய்ச்சண்டை குறையும். இப்போது நானும் அண்ணனும் எங்கள் பங்கை அம்மாவுக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுதப் போகிறோம். ஆயா சும்மா கொடுத்திருக்க வேண்டியதற்கு நாங்கள் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும்.

ஆயாவின் தகரப் பெட்டியின் அடியில் மடித்து வைத்த ஒரு பழைய பத்திரம் கிடைத்தது. 1963-இல் எழுதியது, சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா என்று ஆரம்பிக்கிறது. தோப்புப் பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம். ஆதாரில் கிருஷ்ணகிரி மாவட்டம். 1965-இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆயா எங்கும் போகவில்லை, ஜில்லாக்கள்தான் அவளைக் கடந்து போயின. வங்கி எழுத்தருக்கு இதை விளக்கவே எனக்கு ஒரு காலைப் பொழுது போயிற்று. ஆனால் அந்தப் பத்திரம் எங்களை வேறு காரணத்துக்காக உலுக்கியது. அது ஆயாவின் அப்பா அவளுடைய கல்யாணத்தின்போது எழுதிக்கொடுத்த மஞ்சக்காணி. பெரியமுத்தூர் பக்கம் ஒன்றே கால் ஏக்கர். அப்படி ஒரு நிலம் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இணையத்தில் பட்டா பார்த்தால் ஆயாவின் தம்பி பெயரில் இருந்தது. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர் அளவை நடந்தபோது நிலத்தில் உழுதுகொண்டிருந்தவர் பெயரில் பட்டா ஏறியிருக்க வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னார். சித்தப்பாவுக்குக் கண் சிவந்துவிட்டது. வழக்குப் போடலாம், ஏமாற்றிவிட்டார்கள் என்றார். அப்போது அத்தைதான் ஒன்றை நினைவுபடுத்தினார். ஒவ்வொரு தை மாதமும் ஆயா தம்பி வீட்டுக்குப் போவாள். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு மூட்டை ராகியோடு வருவாள். பொங்கல் சீர் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். தம்பி இறந்த பிறகும், அவர் மகன் காலத்திலும் அந்த மூட்டை தவறியதில்லை. ஒரு வருடம் விளைச்சல் இல்லாதபோது கடையில் வாங்கிக் கொடுத்தார்களாம். அது சீர் அல்ல, வாரம், நிலத்தை உழுபவர் கொடுக்கும் விளைச்சல் பங்கு! அறுபது வருடமாக அவள் தன் நிலத்துக்கு வாரம் வாங்கியிருக்கிறாள், அதுவும் தம்பியின் மரியாதை கெடாதபடி, புருஷன் வீட்டில் ஒருவருக்கும் தெரியாதபடி. அந்த ராகிக் களியைத்தான் நாங்கள் எல்லாரும் தின்று வளர்ந்தோம்.

நான் தயங்கித் தயங்கித்தான் ஆயாவின் தம்பி மகனான மாமாவிடம் போய்ப் பத்திரத்தைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. “அத்தை நிலம்தானே, அப்பா சாகும்போது சொல்லித்தான் போனார்” என்றார். அந்த ஒரு சொல்லை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளும்படி வழக்கறிஞர் சொல்லியிருந்தார். எனக்கு அன்று வாய் வரவில்லை, அடுத்த முறை அத்தையை அழைத்துக்கொண்டு போய்த்தான் எழுதி வாங்கினேன். பட்டா வைத்திருப்பவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, மூலப் பத்திரம்தான் முக்கியம். உரிமையாளரின் அனுமதியோடு, வாரம் கொடுத்துக்கொண்டு நிலத்தை அனுபவிப்பவர், நீண்ட காலம் அனுபவித்தேன் என்பதை மட்டும் வைத்து உரிமை கோர முடியாது. ஆனால் அனுமதி இருந்தது, வாரம் வந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். எங்களுக்கு ராகி மூட்டையும் நல்ல மனிதர் ஒருவரும் கிடைத்தார்கள். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. உங்கள் வீட்டுப் பெண்களிடம் பிறந்த வீட்டு நிலம் பற்றிக் கேளுங்கள். பழைய பத்திரம் கிடைத்தால் அதிலுள்ள செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, படித்துக்கொண்டே அவர்களோடு நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கள் பத்திரத்தில் கிழக்கெல்லை ஒரு புளியமரம். மரம் இல்லை, அது நின்ற இடத்தை மாமாவின் அம்மா மட்டும்தான் காட்ட முடிந்தது. அவருக்கும் எண்பது வயது.

வங்கி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கில் நியமனதாரர் (நாமினி) இல்லை, அதனால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டியிருந்தது; துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய அதிகாரப் பத்திரம் வந்து சேரவே இரண்டு மாதம். இதற்கிடையில் ஆயாவின் கணக்கில் மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசான் தவணை இரண்டாயிரம் ஏறியிருந்தது. அட்டையின் ரகசிய எண் தெரிந்த சித்தப்பா அதை எடுத்துவிட்டார். இறந்த தேதிக்குப் பிறகு பணம் எடுக்கப்பட்டிருப்பதை மேலாளர் காட்டியபோது எனக்குக் கூசிவிட்டது. திருப்பிக் கட்டிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. இறந்தவரின் அட்டையைத் தொடவே தொடாதீர்கள், இறுதிச் சடங்குச் செலவுக்கு என்றாலும். தபால் அலுவலகப் பத்திரத்தில் அத்தை நியமனதாரர் என்பதால் பணம் அவர் கைக்குச் சீக்கிரம் வந்தது. உடனே அது அவருக்கு மட்டும் உரியது என்று ஒரு சண்டை. நியமனதாரர் வாங்கிப் பங்கிட வேண்டியவர்தான், மற்ற வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்த வேலையை முதலில் முடியுங்கள்.

தோப்புக்கும் வீட்டுக்கும் கூட்டுப் பட்டா வந்துவிட்டது. மஞ்சக்காணிக்குப் பட்டாத் திருத்த மனு மாவட்ட வருவாய் அலுவலரிடம் இருக்கிறது. மாமாவே வந்து ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், உழுவதும் அவரேதான். தை மாதம் மூட்டை வந்தது, அம்மா வாங்கி வைத்தாள். பாக்கி இருப்பது தோப்புக் கிணற்றின் மின் இணைப்பு. நிலத்தை வாங்கியது ஆயா, ஆனால் ஆண் பெயரில் இருந்தால்தான் அலுவலகத்தில் மதிப்பார்கள் என்று இணைப்பை மட்டும் தாத்தா பெயரில் எழுதிக்கொடுத்திருக்கிறாள். தாத்தா இறந்தது 1985-இல், வீட்டில். பதிவு இருக்கிறதா என்று தேட மனுக் கொடுத்திருக்கிறேன். இல்லையென்றால் கோட்டாட்சியர் அலுவலகம்தான். இந்த முறை அத்தையும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.